பயனீட்டாளர் கேள்வி-பதில்: சிலந்திச் செடி வாங்கியவர்கள்

கேள்வி: 'காற்றைச் சுத்திகரிக்கும்' என்ற அட்டை செருகிய சிலந்திச் செடிக்கு 38 ரிங்கிட் கொடுத்தேன். அட்டை இல்லாத அதே செடி பக்கத்து வரிசையில் 12 ரிங்கிட். படுக்கையறைக்கு ஒன்று போதுமா? (வாசகி, செந்தூல்)

பதில்: 26 ரிங்கிட்டுக்கு ஓர் அட்டை வாங்கியிருக்கிறீர்கள், அம்மா. அந்த அட்டையைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். 1989இல் நாசா ஆய்வாளர்கள் சில வீட்டுச் செடிகளைக் காற்றுப் புகாத பெட்டியில் அடைத்துச் சோதித்தார்கள். உள்ளே சில வேதிப்பொருள்கள் குறைந்தன. நம் வீடு என்ன, அடைத்த பெட்டியா? ஜன்னல் இடுக்கிலும் கதவிடுக்கிலும் காற்று மாறிக்கொண்டே இருக்கிறது. பழைய சோதனைகளைத் தொகுத்துக் கணக்கிட்ட 2019ஆம் ஆண்டு ஆய்வு, அந்தக் காற்றோட்டத்துக்கு ஈடுகொடுக்கத் தரையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 10 முதல் 1,000 செடிகள் வேண்டும் என்றது. பத்தடிக்குப் பத்தடி அறையென்றால், குறைந்த கணக்கிலேயே தொண்ணூறு தொட்டிகளுக்கு மேல். கட்டிலை எங்கே போடுவீர்கள்? இத்தனை ஆண்டுகள் கழித்தும் அந்தப் பெட்டியைக் காட்டியே காசு பார்க்கிறார்கள். செடி அழகாக இருக்கிறதா? அழகுக்கு 12 ரிங்கிட் கொடுங்கள், போதும்.

கேள்வி: பூனை இதன் இலையைக் கடிக்கிறது. விஷமா? (கெப்போங்)

பதில்: இல்லை. நிறையத் தின்றால் வாந்தி எடுக்கும், உயரத்தில் தொங்கவிடுங்கள்.

கேள்வி: இணையத்தில் 'நீலச் சிலந்திச் செடி' விதை 45 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். முளைத்தது ஏதோ புல். விற்றவர் பதிலே சொல்வதில்லை. (ஓய்வுபெற்றவர், ஆயர் ஈத்தாம்)

பதில்: வருந்தாதீர்கள், ஐயா. படத்தில் நீலம் பூசி ஏமாற்றியவன்தான் வெட்கப்பட வேண்டும். நீல இலையுள்ள சிலந்திச் செடியே கிடையாது. வெள்ளைக் கோடு போட்ட செடியின் உண்மையான விதையில்கூடப் பெரும்பாலும் வெறும் பச்சைதான் முளைக்கும். விளம்பரப் படம், பணம் கட்டிய ரசீது, அனுப்பிய செய்திகள் எல்லாவற்றையும் சேமித்து வையுங்கள். முதலில் விற்பனைத் தளத்திடமே பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால், விற்றவர் மலேசியாவில் இருக்கும் பட்சத்தில், பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. விற்றவர் வெளிநாட்டவரென்றால் தளத்தை விடாமல் பிடியுங்கள்.

கேள்வி: மூன்றாவது செடியும் அழுகிவிட்டது. தினமும் தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறேன். நான்காவதை எந்தக் கடையில் வாங்கலாம்? (பாயான் லெப்பாஸ்)

பதில்: எங்கும் வாங்க வேண்டாம். செத்த செடியைப் பிடுங்கிப் பாருங்கள்: சிறு முள்ளங்கி போலத் தடித்த வேர்கள் இருந்திருக்கும். தண்ணீரைச் சேமித்துக்கொள்ளும் வேருக்கு நித்தம் அபிஷேகம் எதற்கு? மேல்மண்ணில் ஒரு விரல்கணு ஆழம் காய்ந்த பிறகே ஊற்ற வேண்டும். தொட்டியின் அடியில் ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். ஜார்ஜ் டவுனில் 60 ரிங்கிட்டுக்கு ஓட்டையில்லாத பீங்கான் தொட்டி வாங்கியவன் நான். இப்போது அதில் குடைகள் நிற்கின்றன.

கேள்வி: இலை நுனி பழுப்பாகிறது. கடைக்காரர் 25 ரிங்கிட் 'இலை டானிக்' தந்தார். (பிரிக்பீல்ட்ஸ்)

பதில்: டானிக்கைத் திருப்பிக் கொடுங்கள். குழாய் நீரின் புளோரைடும் உரத்தின் உப்பும் இந்தச் செடிக்கு ஆகாது. மழைத்தண்ணீர் பிடித்து ஊற்றுங்கள்; கோலாலம்பூரில் மழைக்கா பஞ்சம்? பழுத்த நுனி மறுபடி பச்சையாகாது, கத்தரித்துவிடுங்கள்.

கேள்வி: குட்டிச் செடி ஒன்று 10 ரிங்கிட் என்கிறார்கள். நியாயமா? (ஜெலுத்தோங்)

பதில்: பக்கத்து வீட்டில் கேளுங்கள், சும்மா தருவார்கள். நீண்ட தண்டின் நுனியில் தொங்கும் குட்டியைத் திருப்பிப் பார்த்தால், அடியில் அரிசி முனை போன்ற வெள்ளைப் புடைப்புகள் தெரியும். அவைதான் வேராகப் போகின்றன. குட்டியைத் தண்டிலிருந்து வெட்டாமலே பக்கத்துத் தொட்டி மண்ணில் அமர்த்தி, கொண்டை ஊசி ஒன்றை வளைத்துக் குத்தி வையுங்கள். சில வாரம் கழித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். வராமல் பிடித்துக்கொண்டால் தண்டை வெட்டலாம். அவசரமென்றால் வெட்டி, அடிப்பகுதி மட்டும் நனையும்படி ஒரு குவளைத் தண்ணீரில் வையுங்கள். கொண்டை ஊசிக்குக் காசு கேட்டால் எனக்கு எழுதுங்கள்.