கிரைண்டருக்கும் அதன் பெயருக்கும் ஒரே ‘காப்புரிமை’ வாங்கலாமா?

கோவையில் கிரைண்டர் பட்டறை வைத்திருப்பவர் கேட்டிருக்கிறார்: புது மாடலுக்கும் பெயருக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பம் போதுமா?

போதாதுங்க. பாதிக் குழப்பம் சொல்லிலேயே இருக்கிறது. பேட்டன்ட், காப்பிரைட் இரண்டையுமே ‘காப்புரிமை’ என்றுதான் எழுதுகிறோம்.

மாவு சூடாகாமல் அரைக்க நீங்கள் புதிதாக ஓர் அமைப்பைக் கண்டுபிடித்திருந்தால், அதற்குப் பேட்டன்ட். விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு. பிறகு யாரும் செய்யலாம். இதில்தான் நம்மவர்கள் கோட்டை விடுகிறார்கள். விண்ணப்பம் போடும் முன்பே கொடிசியா கண்காட்சியில் ஓட்டிக் காட்டி, வாட்ஸப்பில் வீடியோவும் விட்டுவிடுவார்கள். வெளியே தெரிந்துவிட்டால் சட்டம் கேட்கிற ‘புதுமை’ போய்விடும், பேட்டன்ட் கிடைப்பது கஷ்டம். அதனால் முதலில் விண்ணப்பம், அப்புறம் ஸ்டால்.

பெயர், லோகோ இரண்டும் டிரேட்மார்க். 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால் பேரன் காலத்திலும் ஓடும். ‘கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்’ என்றே மட்டும் கேட்காதீர்கள். அது புவிசார் குறியீடு, பவானி ஜமக்காளம், ஈரோட்டு மஞ்சள் மாதிரி ஊருக்குப் பொது.

காப்பிரைட்? பெட்டிக்குள் வைக்கும் கையேட்டுக்கும் விளம்பரப் பாட்டுக்கும். எழுதியதுமே வந்துவிடும், பதிவு கட்டாயமில்லை. ஆனால் எழுத்துக்குத்தான், அதிலுள்ள யோசனைக்கு இல்லை.

வடிவ அழகு மட்டும் புதுசா? அதற்கு டிசைன் பதிவு என்று தனிச் சட்டமே உண்டு.