சிறிய தொடர்மாடி வீட்டுக்கு மாறும்போது பெற்றோரின் பெரிய பொருட்களை எங்கே வைப்பது?

கொட்டாஞ்சேனையில் உள்ள பெற்றோரின் வீட்டை விற்றுவிட்டு வெள்ளவத்தையில் இரண்டு அறைகள் கொண்ட தொடர்மாடி வீட்டுக்கு மாறப்போவதாகவும், அம்மாவின் பெட்டகம், தேக்கு அலுமாரி, தையல் மெசின், அப்பாவின் புத்தகங்கள் ஆகியவற்றுக்காகக் களஞ்சிய அறையொன்றை வாடகைக்கு எடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வீடு மாறும் சில மாதங்களுக்கு மட்டும் என்றால் எடுக்கலாம். அதற்கு மேல் வேண்டாம் என்பதே என் கருத்து. என் மாமியாரின் வீட்டைக் காலி செய்தபோது நாங்களும் இதே யோசனையில்தான் இருந்தோம்.

வாடகைச் செலவை விடக் கொழும்பின் காற்றே எனக்குப் பெரிய காரணமாகத் தெரிகிறது. இங்கே ஆண்டின் பெரும்பகுதியில் ஈரப்பதன் 70 சதவீதத்துக்கு மேலேயே இருக்கும். அந்த அளவு நீடித்தாலே துணியிலும் காகிதத்திலும் தோலிலும் பூஞ்சணம் பிடித்துவிடும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, அது ஓய்ந்ததும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் இடி மழை என்று சுவர்கள் காய்வதற்கே அவகாசம் கிடைப்பதில்லை. ஆட்கள் புழங்கும் வீட்டில் யன்னல் திறக்கப்படுகிறது, தூசி தட்டப்படுகிறது, சுவரோரம் கறையான் மண்கோடு இழுத்தால் யாராவது ஒருவர் கண்ணில் பட்டுவிடுகிறது. பூட்டிய அறையில் இவற்றில் எதுவும் நடப்பதில்லை. உறவினர் ஒருவர் தெஹிவளையில் உள்ள கராஜில் பொலித்தீன் சுற்றி அடுக்கிவைத்திருந்த பொருட்களை இறக்கும்போது நான் உடனிருந்தேன். பொலித்தீனின் உட்புறமெங்கும் வியர்த்தது போல நீர்த்துளிகள் நின்றன. அல்பத்தின் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரித்தபோது ஒரு கலியாணப் படத்தில் மாப்பிள்ளையின் முகம் எதிர்ப்பக்கத்துத் தாளோடு போய்விட்டது. அலுமாரி முன்பக்கம் பளபளவென்றுதான் இருந்தது. பின்பலகையைத் தட்டினால் வெற்றுப் பெட்டியின் ஓசை கேட்டது.

ஆகவே, எந்தப் பொருள் புது வீட்டில் அன்றாடம் பயன்படும் என்று முதலில் பாருங்கள். பெட்டகம் தாராளமாகப் பயன்படும். நெல்லும் பாத்திரமும் வைத்த இடத்தில் தலையணை, போர்வை, விருந்தினர் பாய் எல்லாம் அடங்கும். மேலே மெத்தை போட்டால் இருவர் உட்காரலாம். அலுமாரி விடயத்தில் புது வீட்டின் அறையை அளப்பதற்கு முன் மின்தூக்கியின் கதவையும் படிக்கட்டுத் திருப்பத்தையும் அளந்துவிடுங்கள். பழைய தேக்கு, முதிரை அலுமாரிகளில் பல, ஆப்பும் முளையும் வைத்துப் பொருத்தப்பட்டவை; தலைப்பலகை, கதவுகள், பக்கங்கள், அடிப்பெட்டி என்று கழற்றக்கூடியவை. ஆனால் அந்த வேலையை ஏற்றியிறக்கும் ஆட்களிடம் விடாமல், மொறட்டுவைப் பக்கத்துப் பழைய தச்சர் ஒருவரை அழைத்து, கழற்றும் துண்டுகளின் உட்புறத்தில் சோக்கால் இலக்கமிடச் சொல்லுங்கள். புது வீட்டில் மழை நேரடியாக அடிக்கும் வெளிச்சுவரோடு அதைச் சாத்த வேண்டாம். கையை நுழைத்துத் துடைக்கக்கூடிய அளவுக்கு இடைவெளி விட்டு, கால்களுக்கு அடியில் கட்டை கொடுத்து நிறுத்துங்கள்.

தையல் மெசினைப் பற்றி நான் சொல்லப்போவது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். சிங்கர் நிறுவனம் 1877ஆம் ஆண்டு முதல் இந்த நாட்டில் மெசின் விற்றுவருகிறது. நம்மவர் வீடுகளில் பாதிக்கு மேல் அம்மம்மாவின் மெசின் என்று ஒன்று இருக்கும். வெள்ளவத்தையின் கடற்காற்றில், ஓடாத மெசினின் இரும்பு கறள் பிடிக்க அதிக காலம் எடுக்காது. வீட்டில் தைப்பவர் இல்லையென்றால், தைத்துப் பிழைக்கும் ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிடுங்கள். அம்மாவின் கத்தரிக்கோலும் நூற்பெட்டியும் உங்களிடம் இருக்கட்டும்.

கூறைச்சேலையைப் பழைய வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி வையுங்கள். சரிகையில் பூச்சி உருண்டை படக்கூடாது. ஒட்டும் பக்கங்கள் கொண்ட அல்பங்களில் உள்ள படங்களை ஸ்கேன் செய்த பின், அமிலமற்ற தாள் உறைகளுக்கு மாற்றிவிடுங்கள்.

அப்பாவின் புத்தகங்களில் அவர் ஓரக்குறிப்பு எழுதியவற்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றின் பெயர்ப்பட்டியலை முதலில் தயாரித்து, வெள்ளவத்தையிலேயே உள்ள கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகத்தில் விசாரியுங்கள். பட்டியல் இல்லாமல் பெட்டி பெட்டியாகக் கொண்டுபோய் இறக்குவது அவர்களுக்குத் தலையிடியாகத்தான் முடியும். பாடசாலை மலர்கள், ஊர்ச் சங்க வெளியீடுகள், அந்தியேட்டிக் கல்வெட்டுகள் (இறந்தவரின் நினைவாக அச்சிடும் சிறு நூல்கள்) போன்றவற்றைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். 2005ஆம் ஆண்டு முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை மின்னூலாக்கிவரும் நூலகம் நிறுவனம் போன்றோருக்கு, கடைகளில் கிடைக்கும் நாவல்களை விட இத்தகைய மெல்லிய பிரசுரங்களே அரியவை. வேறெங்கும் பிரதி இல்லாதவை பல நம் அலுமாரிகளின் அடித்தட்டில்தான் கிடக்கின்றன.

உண்மையில் பெரிய சிக்கல் பொருட்களால் வருவதில்லை, வெளிநாட்டில் இருக்கும் உடன்பிறப்புகளால்தான் வருகிறது. "அம்மாவின் பெட்டகத்தை விற்றுப்போடாதே" என்று கனடாவிலிருந்து அண்ணா சொல்வார். அதைத் துடைப்பதும் அதற்காக இடம் ஒதுக்குவதும் இங்கிருப்பவரின் பொறுப்பு. எனவே எதையும் அகற்றுவதற்கு முன் ஒவ்வொரு பொருளையும் படமெடுத்து, நீளம் அகலத்தோடு குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, ஒரு திகதி குறியுங்கள். வேண்டும் என்பவர் அந்தத் திகதிக்குள் கப்பல் செலவையோ இங்கு வைப்பதற்கான செலவையோ ஏற்க வேண்டும் என்று நேராகவே எழுதிவிடுங்கள். எங்கள் குழுவில் அப்படி எழுதிய மறுநாளே, எல்லோருக்கும் வேண்டியிருந்த சாய்மனைக் கதிரை ஒருவருக்கும் வேண்டாததாகிவிட்டது. அது இப்போது எங்கள் பல்கனியில் இருக்கிறது, மாலையில் அதற்குப் போட்டி நடக்கிறது.

அண்ணா பெட்டகத்தைக் கேட்டே விட்டால், கப்பல் முகவரிடம் பணம் கட்டுவதற்கு முன் தொல்பொருள் திணைக்களத்தில் விசாரித்துவிடுங்கள். பழமையான பொருட்களை நாட்டுக்கு வெளியே அனுப்ப அனுமதி தேவைப்படும். 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பொருளென்றால் இதைத் தவிர்க்கவே வேண்டாம். விண்ணப்பத்தோடு கொடுப்பதற்குப் பெட்டகத்தின் முன்பக்கம், பூட்டு, செதுக்கு வேலை ஆகியவை தெளிவாகத் தெரியும் படங்களை இப்போதே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.