பிபி மாத்திரையால் அம்மாவின் நாடித்துடிப்பு 50க்குக் கீழே இறங்குகிறது, மாத்திரையை நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்த வேண்டாம். மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. நாடி குறைகிறது என்பதால் அட்டினோலால், மெட்டோப்ரோலால், பைசோப்ரோலால் ஆகியவற்றுள் ஒன்றாக இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். நான் மருத்துவன் அல்லன். "இணையத்தில் வைத்தியம் பார்க்காதே" என்று கண்டிக்க வருபவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: எங்கள் வீட்டில் நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

என் தாயாருக்கு அப்போது 72 வயது. லேசான மாரடைப்புக்குப் பின் நான்கு ஆண்டுகளாக மெட்டோப்ரோலால் 50 மில்லிகிராம் சாப்பிட்டு வந்தார். நாடி 62, 64 என்றுதான் இருக்கும். ஒரு நாள் மாடிப்படியில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். நாடி 44. நானும் உங்களைப் போலவே நினைத்து, அன்றிரவு மாத்திரையைக் கொடுக்காமல் விட்டேன். மறுநாள் இதய மருத்துவர் என்னைத் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

பிபி மாத்திரை என்று நாம் பெயர் வைத்துவிட்டோமே தவிர, இந்த வகையின் முன்னோடியான புரோப்ரனலாலை ஜேம்ஸ் பிளாக் 1960களில் உருவாக்கியது இதயவலிக்காரர்களுக்காக. 1988இல் அவர் நோபல் பரிசு பெற்றதற்கு அந்தப் பணியும் ஒரு காரணம். இதயத்தை வேகமாகத் துடிக்கவைக்கும் சுரப்பான அட்ரினலின் வந்து அமரவேண்டிய இடத்தில் இம்மருந்து அமர்ந்துகொள்வதால் இதயம் மெதுவாகவும் மென்மையாகவும் துடிக்கிறது. ஆனால் நெடுநாள் அப்படி அடைத்து வைத்தால் இதயம் அத்தகைய இடங்களை அதிகமாக்கிக்கொள்கிறது. திடீரென்று மருந்தை நிறுத்தினால் அட்ரினலின் அத்தனை இடங்களையும் ஒருசேரப் பிடித்து, படபடப்பும் நெஞ்சுவலியும், இதயக் குழாய் அடைப்பு உள்ளவர்களுக்கு மாரடைப்பும்கூட வரலாம். அதனால்தான் நிறுத்த வேண்டியிருந்தாலும் ஒன்றிரண்டு வாரங்களில் படிப்படியாகக் குறைக்கிறார்கள்.

மருத்துவர் அளவை 25 ஆக்கினார். நாடி 46ஐத் தாண்டவில்லை. "வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்டார், "இல்லை" என்று ஒவ்வொரு முறையும் என் தாயார் சொன்னார். அது பொய்யல்ல. மூன்றாவது முறை, மாலையில் காத்திருந்து எங்கள் முறை வந்து உள்ளே சென்ற பிறகு, நேரமாகிவிட்டதென்று பையிலிருந்து சொட்டு மருந்தை எடுத்தார். இரண்டு மாதங்களுக்கு முன் கண் அழுத்தத்திற்காக வேறொரு மருத்துவமனையில் கொடுத்தது, காலையும் மாலையும் ஒரு சொட்டு. மருத்துவர் குப்பியை வாங்கிப் பார்த்தார்: டைமோலால். அதுவும் இந்த லால் குடும்பம்தான். கண்ணில் விட்ட சொட்டு கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்கு இறங்கி, மூக்கின் சவ்விலிருந்து நேரே இரத்தத்தில் கலக்கிறது. விழுங்கும் மாத்திரையைப் போல முதலில் கல்லீரலைக் கடந்து வலுவிழப்பதில்லை. கண் மருத்துவர் இதயத்தைத் தொடாத வேறொரு சொட்டுக்கு மாற்றினார். பத்து நாளில் நாடி 60ஐத் தொட்டது. மாத்திரையும் பழையபடி 50க்குத் திரும்பியது.

இதில் எனக்குக் கோபம் எவர் மீதும் இல்லை என்று சொன்னால் அது பொய். கண் மருத்துவமனையில் ஒருவரும் இதய மருந்தைப் பற்றிக் கேட்கவில்லை. அந்தக் குப்பியிலோ, கண் நோயாளிக்கான மருந்தாக இருந்தும், பூதக்கண்ணாடி இல்லாமல் எவராலும் படிக்க முடியாத எழுத்து. நான் ஏன் படிக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம், கேட்பது நியாயமே.

இம்மாத்திரை சாப்பிடுபவருக்கு ஒரு தொந்தரவும் இல்லாமல் நாடி 50க்குப் பக்கத்தில் இருப்பது சில சமயம் சாதாரணம்தான். மயக்கம், மூச்சுத்திணறல், தலைசுற்றல் இருந்தால் மட்டும் காத்திருக்காமல் அன்றே அழைத்துச் செல்லுங்கள். போகும்போது டில்டியாசெம், வெராபமில் போன்ற, நாடியைக் குறைக்கும் வேறு மாத்திரைகள் இருக்கின்றனவா என்று சீட்டுகளைப் பாருங்கள். தாயாரிடம் "என்ன சாப்பிடுகிறீர்கள்" என்று கேட்காதீர்கள். அலமாரியில் இருப்பதையெல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள், சொட்டு மருந்து உட்பட.