பூனை வாலை இழுக்குற பையனுக்கு என்ன கதை சொல்றது?

கேள்வி: என் மகனுக்கு 5 வயசு. வீட்டுக்கு வர்ற பூனைக்குட்டியோட வாலைப் பிடிச்சு இழுக்குறான், திட்டினா சிரிக்கிறான். பூனையைக் கட்டிப்போட்டு பட்டினியில சாகவிட்டதால நரக நெருப்புக்குப் போன பொம்பளையோட கதை ஒரு படப்புத்தகத்துல இருந்துச்சு, வாங்கிப் படிச்சுக் காட்டினேன். இப்ப ராத்திரி ஆனா "உம்மா, என்னையும் நெருப்புல போடுவாங்களா"ன்னு அழுறான். தப்பு பண்ணிட்டேனா?
- ஒரு வாசகி, கீழக்கரை

பதில்: தப்பெல்லாம் இல்லம்மா, முதல்ல சொல்ல வேண்டியதை விட்டுட்டு கடைசியில சொல்ல வேண்டியதை சொல்லிட்டீங்க, அவ்ளோதான். அந்தக் கதை ஹதீஸ்தான், அதாவது நபி (ஸல்) அவங்க சொன்னதா வர்ற செய்தி, புகாரிங்கிற ஹதீஸ் தொகுப்புல உள்ளது, ஆனா 5 வயசுப் பிள்ளைக்கு அதுல பூனை தெரியாது, நெருப்புதான் தெரியும். பாருங்க, அவன் இப்ப பூனைக்காக அழல, தனக்காக அழுறான். வயசுக்கு வராத பிள்ளைக்கு குத்தம் எழுதப்படாதுன்னு மடியில வச்சு சொல்லிட்டு அந்தப் புத்தகத்தை கொஞ்ச வருஷம் எடுத்து வச்சிடுங்க.

அபூ உமைர் கதையில ஆரம்பிங்க. அவன் சின்னப் பையன், வளர்த்த குருவி செத்துப்போச்சு, மூஞ்சி வாடி உக்காந்திருந்தவன்கிட்ட நபி (ஸல்) அவங்க குருவி என்னாச்சுன்னு கேட்டு விசாரிச்சாங்க. உபதேசமே இல்ல, அதான் எனக்குப் பிடிக்கும்.

அடுத்தது குர்ஆன்ல வர்ற எறும்பு. சுலைமான் நபி படையோட வர்றாங்க, "பொந்துக்குள்ள போயிடுங்க, அவங்க தெரியாம மிதிச்சிடுவாங்க"ன்னு ஒரு எறும்பு சொல்லுது. "தெரியாம"ங்கிற வார்த்தையை கவனிச்சீங்களா, எறும்பு கூட எதிராளி பக்கம் யோசிக்குது! நம்ம படப்புத்தகங்கள்ல நபிமார்களை வரைய மாட்டாங்க இல்லையா, அதனால பக்கம் முழுக்க எறும்பும் ஒட்டகமும்தான் இருக்கும், பிள்ளை கண்ணும் அதுங்க மேலயே நிக்கும். அங்க நிறுத்தி "இந்த எறும்புக்கு குதிரைக் குளம்பு எவ்ளோ பெருசா தெரியும்?"னு கேளுங்க, பதிலை நீங்க சொல்லாதீங்க.

அப்புறம் உங்க ஊர் சீதக்காதி வள்ளல் ஆதரவுல உமறுப்புலவர் பாட ஆரம்பிச்ச சீறாப்புராணத்துலயே, அதான் நபி (ஸல்) வாழ்க்கையைப் பாடுற தமிழ்க் காப்பியம், மான் கதை இருக்கே, பிடிபட்ட மான் குட்டிக்குப் பால் கொடுத்துட்டு வர வேடன்கிட்ட நபி (ஸல்) பிணை நின்னது. படம் இல்லாட்டி என்ன, நீங்களே ஒரு மானும் குட்டியும் கிறுக்கிக் கொடுங்க. (காப்பியக் கதைன்னே சொல்லுங்க, ஹதீஸ்னு சொல்லிடாதீங்க.)

கதையோட, பூனைக்குத் தண்ணி வைக்குற கிண்ணத்தை அவன் பொறுப்புல விடுங்க. ரெண்டு நாள்ல மறப்பான், ஞாபகப்படுத்துங்க, பாவமா இருக்கேன்னு நீங்களே ஊத்திடாதீங்க.