நாடுகளின் எல்லைகள் சில இடங்களில் நேர்கோடாக இருப்பது ஏன்? ஆறுகளை எல்லையாக வைப்பதுதானே இயற்கையானது?

எகிப்துக்கும் சூடானுக்கும் இடையிலும், அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையிலும் அளவுகோல் வைத்து இழுத்தாற்போல் கிடக்கும் எல்லைகளைப் படத்தில் பார்த்துவிட்டு, அவை செயற்கையானவை, ஆறு வகுத்துக் கொடுத்த எல்லைகளே இயற்கையானவை, அவற்றில் சண்டைக்கு இடமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அநேகமாக ஏதேனும் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பீர்கள். நீங்கள் எழுதியிருப்பதை ஏறத்தாழ அதே சொற்களில் இருபத்தொன்பது ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிப்போட்டவன் நான். அப்படியே விடை எழுதிய பிள்ளைகளுக்குத் தயங்காமல் முழு மதிப்பெண்ணும் போட்டிருக்கிறேன். ஆகவே இந்தப் பதிலில் பாதி, அவர்களுக்கு நான் பட்டிருக்கும் கடன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் அணைக்கரைக்குக் கிழக்கே, கொள்ளிடத்தின் தென்கரையில் இருக்கிறது. எதிர்க்கரை வேறு மாவட்டம். கொள்ளிடத்தைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சற்று விளக்கியாக வேண்டும். முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரியும் இந்த ஆறு, டெல்டாவின் வெள்ள வடிகால். காவிரியில் அடங்காத தண்ணீரெல்லாம் இதில்தான் திருப்பிவிடப்படும். அதனால் ஆண்டின் பெரும்பகுதி மணற்காடாகவும் நாணற்புதராகவும் கிடந்து, திடீரென்று ஒரு வாரம் மட்டும் கரைக்குக் கரை கடல்போல் ஓடுகின்ற ஆறு அது. அந்த ஒரு வாரத்துக்குப் பிறகு, தண்ணீர் ஓடும் தாரை எங்கே இருக்கும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. சென்ற ஆண்டு வடகரையை ஒட்டி ஓடியது இந்த ஆண்டு நட்டநடுவில் ஓடும். அடுத்த வெள்ளத்தில் நம் பக்கமே வந்து கரையைக் குடையும்.

கரைக்கும் ஆற்றுக்கும் இடைப்பட்ட படுகையில் எங்களுக்கு ஒன்றரை மா நிலம் உண்டு. சற்றேறக்குறைய அரை ஏக்கர். தாத்தா காலத்துப் பட்டா. அதில் வாழை போட்டிருந்தோம். 2005 நவம்பர் வெள்ளம் வடிந்த மூன்றாம் நாள் அப்பாவும் நானும் கரைமேல் ஏறிப் பார்த்தபோது, மணலில் இடுப்பளவு புதைந்த வாழைகளும், ஈசானிய மூலையில் நட்டிருந்த சர்வே கல்லும் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆனால் அவற்றுக்கும் எங்களுக்கும் நடுவே ஆறு ஓடிக்கொண்டிருந்தது. தாரை எங்கள் நிலத்துக்கு வடக்கே இருந்ததை விட்டுவிட்டு, கரையை ஒட்டிப் புதிதாக ஒரு வழி வெட்டிக்கொண்டிருந்தது. நான் பதறினேன். அப்பா வெற்றிலையை மென்றபடியே சொன்னார்: “நிலம் எங்கயும் போகலடா. ஆறுதான் இந்தாண்ட வந்துடுச்சு.”

வாழைக்கு நிவாரணம் கேட்டு அலைந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்து அலுவலகத்தில், ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்ப் பயிரைப் பார்வையிட வழியில்லை, பார்வையிடாமல் அடங்கல் என்னும் பயிர்க் கணக்கில் ஏற்ற முடியாது என்றார்கள். சரியென்று அணைக்கரைப் பாலத்தைச் சுற்றிக்கொண்டு வடகரைக்குப் போனால், அங்கிருந்தவர் புல எண்ணைப் பார்த்துவிட்டு, “இது எங்க கணக்குல வரலீங்களே சார்” என்று மரியாதையாகவே திருப்பியனுப்பினார். இருவர் சொன்னதும் விதிப்படி சரிதான். நிவாரணம் மட்டும் வரவில்லை. இத்தனைக்கும் அந்த ஆண்டு நிலத் தீர்வையைத் தென்கரையில் தவறாமல் வாங்கிக்கொண்டார்கள். தீர்வை வாங்குவதற்கு மட்டும் யாரும் ஆற்றைக் கடக்க வேண்டியிருக்கவில்லை.

அரை ஏக்கர் வாழையையும் நாடுகளின் எல்லையையும் ஒப்பிடுவதா என்று சிலர் சிரிப்பார்கள் என்பது தெரியும். நான் சட்டம் படித்தவனும் அல்லன். ஆனால் அப்பா கரைமேல் நின்று சொன்ன அதே வாக்கியத்தைத்தான் பன்னாட்டுச் சட்டமும் வேறு சொற்களில் சொல்கிறது என்பதைப் பிறகு படித்தபோது, வகுப்பில் ஏன் இதைச் சொல்லித் தராமல் போனேன் என்று வருந்தினேன். ஆறு சிறிது சிறிதாக ஒரு கரையை அரித்து மறு கரையில் வண்டல் சேர்த்துக்கொண்டே நகர்ந்தால், எல்லையும் அதனோடு கூடவே நகரும். ஒரே வெள்ளத்தில் பழைய படுகையை விட்டுத் தாவிப் புதிய வழியில் ஓடினால், எல்லை பழைய படுகையிலேயே நின்றுவிடும். படிப்பதற்கு எளிமையாகத்தான் இருக்கிறது. ஆறு நகர்ந்ததா, தாவியதா என்று தீர்மானிப்பதில்தான் தலைமுறைகள் கழிந்துவிடுகின்றன.

அமெரிக்காவும் மெக்சிகோவும் 1848இல் ரியோ கிராண்டே ஆற்றை எல்லையாக வைத்துக்கொண்டன. அந்த ஆறு தெற்கு நோக்கி நகர்ந்துகொண்டே வந்து, 1864 வெள்ளத்தில் பெரிதாக ஒதுங்கியது. சமிசால் என்னும் மெக்சிகோ நிலம் ஆற்றுக்கு வடக்கே, அமெரிக்காவின் எல் பாசோ நகரத்தோடு ஒட்டிக்கொண்டது. 1911இல் நடுவர் மன்றம் அதன் பெரும்பகுதி மெக்சிகோவுக்கே உரியது என்று சொல்லியும் அமெரிக்கா ஏற்கவில்லை. 1963இல்தான் உடன்பாடு வந்தது. அதன்பின் அவர்கள் செய்த வேலையைக் கவனியுங்கள்: ஆற்றுக்குக் கான்கிரீட்டில் ஒரு வாய்க்கால் கட்டி, 1968இல் ஆற்றை அதற்குள் திருப்பிவிட்டார்கள். நாட்டுக்கு எல்லை கொடுத்த ஆற்றை, கடைசியில் எல்லைக்குள் ஓடும்படி செய்தார்கள். இதை இயற்கை எல்லை என்று எந்தக் கணக்கில் சேர்ப்பது?

பெல்ஜியம், நெதர்லாந்து கதை எங்கள் கதைக்கு இன்னும் நெருக்கம். மியூஸ் ஆற்றைக் கப்பல் போக்குவரத்துக்காக நேராக்கியதில், பெல்ஜியத்தின் சில துண்டு நிலங்கள் நெதர்லாந்துக் கரையில் மாட்டிக்கொண்டன. அப்படி ஒரு துண்டில் தலையற்ற சடலம் கிடந்தபோது, அந்தக் கரையிலிருந்த நெதர்லாந்துக் காவலர்களுக்கு அதில் அதிகாரம் இல்லை. பெல்ஜியக் காவலர்கள் படகேறி வர வேண்டியிருந்தது. எங்கள் வாழையை யாரும் படகேறி வந்து பார்க்கவில்லை என்பது மட்டுமே வேறுபாடு. அவ்விரு நாடுகளும் சண்டையில்லாமல் துண்டுகளை மாற்றிக்கொண்டன. 2018 ஜனவரி முதல் நாளிலிருந்து புதிய எல்லை நடைமுறைக்கு வந்தது.

கங்கை டெல்டாவின் கடைமுகத்தில் நிலைமை இன்னும் மோசம். 1970ஆம் ஆண்டின் பெரும்புயலுக்குப் பிறகு, இந்தியாவுக்கும் வங்கதேசத்துக்கும் இடையிலுள்ள ஹரியபங்கா ஆற்று முகத்தில் ஒரு மணல்திட்டு எழும்பியது. நாம் அதை நியூ மூர் தீவு என்றோம். அவர்கள் தெற்கு தல்பட்டி என்றார்கள். எல்லையாகக் கொள்ளப்படும் ஆற்றின் ஆழமான தாரை திட்டுக்குக் கிழக்கே ஓடுகிறதா, மேற்கே ஓடுகிறதா என்பதே வழக்கு. 1981இல் நம்மவர்கள் அங்கே கொடியேற்றினார்கள். 2010 வாக்கில் திட்டே கடலுக்குள் மூழ்கிவிட்டது. கொள்ளிடத்துத் திட்டுகள் எழுவதையும் கரைவதையும் பார்த்து வளர்ந்த எங்களில் யாரைக் கேட்டிருந்தாலும், பத்து வருடம் பொறுத்திருங்கள் என்றுதான் சொல்லியிருப்போம்.

இவ்வளவும் எழுதியதால் நேர்கோட்டுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் கொள்ள வேண்டாம். நிலத்தைக் கண்ணால் பார்க்காதவர்கள் வரைபடத்தில் இழுத்த கோடுகள் ஆப்பிரிக்காவில் எத்தனை இனக்குழுக்களை இரண்டாகப் பிளந்தன என்பதை நானும் பாடமாக நடத்தியிருக்கிறேன். நீங்கள் எடுத்துக்காட்டிய எகிப்து–சூடான் எல்லையிலேயே அதற்குச் சான்று உண்டு. 1899இல் 22ஆம் அட்சரேகையையே எல்லையாக்கினார்கள். 1902இல் மேய்ச்சல் குடிகளின் வசதிக்காக நிர்வாகக் கோடொன்றை வளைத்துப் போட்டார்கள். செங்கடலோரத்து ஹலாயிப் பகுதி தனக்கு வேண்டும் என்பதற்காக எகிப்து பழைய கோட்டையும் சூடான் புதிய கோட்டையும் பிடித்துக்கொள்ள, இரண்டு கணக்கிலும் சேராமல் பீர் தவீல் என்று சுமார் 2,060 சதுர கிலோமீட்டர் நிலம் நடுவில் கிடக்கிறது. அதைத் தனதென்று சொல்லும் நாடு ஹலாயிப்பை விட்டுக்கொடுத்ததாகிவிடும் என்பதால், இரு நாடுகளும் ‘எங்கள் கணக்கில் வராது’ என்கின்றன. இந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு வடகரை அலுவலகத்து மேசை கண்முன் வந்து நின்றது.

ஆற்றிலும் சேராத, அளவுகோலிலும் சேராத எல்லைக்கு நம் டெல்டாவிலேயே காரைக்கால் இருக்கிறது. 1739இல் தொடங்கித் தஞ்சை மன்னரிடமிருந்து பெற்றுப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்துக்கொண்ட ஊர்கள் 1954இல் இந்தியாவோடு சேர்ந்தபோது, கடல் பக்கம் தவிர மற்றெல்லாப் பக்கமும் தமிழ்நாட்டால் சூழப்பட்டிருந்தும் புதுச்சேரியோடு போயின. வாஞ்சூரில் பேருந்தில் எல்லையைக் கடக்கும்போது வயலில் எந்த வேறுபாடும் தெரியாது; அதே நெல், அதே வண்டல். கைமாறிய ஊர்களின் பட்டியல்தான் அந்த எல்லை. என் வகுப்பில் இயற்கை, செயற்கை என்று இரண்டே கட்டம் போட்டிருந்தேன். காரைக்காலை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று ஒரு பையன் கேட்டபோது, அது தேர்வுக்கு வராது என்று உட்காரவைத்துவிட்டேன்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் விடை: ஆறு எல்லையாகத் தானாக வருவதில்லை, யாரோ இரண்டு பேர் உட்கார்ந்து அதை எல்லையாக எழுதிக்கொள்கிறார்கள். எழுதும்போது ஆற்றின் எந்த இடம், ஆறு நகர்ந்தால் என்ன செய்வது என்பதையும் எழுதிவைத்தார்களா என்று பாருங்கள். நேர்கோடா வளைகோடா என்பதைவிட அதுதான் முக்கியம்.

எங்கள் ஒன்றரை மா இன்னும் அக்கரையில்தான் இருக்கிறது. வடகரைக்காரர் ஒருவர் வாய்மொழிக் குத்தகைக்குப் பயிர் செய்கிறார். பதிவு செய்யாத குத்தகை செல்லாது என்று கருத்துரையில் எழுத நினைப்பவர்கள், எந்தக் கரை அலுவலகத்தில் பதிவது என்பதையும் சேர்த்து எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன். தண்ணீர் வற்றிய நாட்களில் அவர் மணலில் நடந்தே வந்து, தைக்கு ஒரு வாழைத்தார் கொடுத்துவிட்டுப் போவார். தீர்வையை இன்றும் நான் தென்கரையில்தான் கட்டுகிறேன்; ரசீதில் பழைய புல எண்தான் இருக்கிறது.