கத்தரிக்கோல் போட்ட போர்ச் செய்தி

அன்புள்ள எழுத்தாளருக்கு,

அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் நடந்த 1812 போர் பற்றிய உங்கள் கட்டுரையில் ‘தி வார்’ என்ற நியூயார்க் வாரப்பத்திரிகை ஒரு வரியில் வந்து போகிறது. போருக்கென்றே ஒரு பத்திரிகை என்றால், நிருபர்களைக் களத்துக்கு அனுப்பினார்களா? இல்லை, அரசாங்கம் கொடுத்ததை அச்சடித்தார்களா? இவற்றை நம்பி எப்படி வரலாறு எழுதுகிறார்கள்?

ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

களத்துக்கு யாரும் போகவில்லை. போர் அறிவிக்கப்பட்டது ஜூன் 18. ஒன்பதே நாளில், ஜூன் 27 அன்று, சாமுவேல் வுட்வொர்த் முதல் இதழைக் கொண்டுவந்துவிட்டார். அவர் அச்சுக்காரர், கூடவே கவிஞர். அவருடைய முக்கியமான கருவி கத்தரிக்கோல். பத்திரிகை ஆசிரியர்கள் தங்களுக்குள் இதழ்களைத் தபால் செலவில்லாமல் அனுப்பிக்கொள்ள 1792 தபால் சட்டம் இடம் கொடுத்திருந்தது. வெளியூர் இதழ்கள் வந்து சேரும், வேண்டியதை வெட்டி அச்சுக் கோப்பார்கள். அதோடு தளபதிகளும் கப்பல் தலைவர்களும் அரசுக்கு எழுதிய கடிதங்கள். அன்று போர்ச் செய்தி என்றால் பெரும்பாலும் இந்தக் கடிதங்கள்தான்.

அதனால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்கலாம்: எந்தக் கடிதத்தை நம்புவது? 1812 ஆகஸ்ட் 16இல் அமெரிக்க ஜெனரல் வில்லியம் ஹல் டெட்ராய்ட்டைச் சண்டையில்லாமல் பிரிட்டிஷாரிடம் ஒப்படைத்தார். எதிரியின் பலம், பெண்கள், குழந்தைகளுக்கு நேரவிருந்த ஆபத்து என்று காரணங்களை அடுக்கி நீண்ட கடிதம் எழுதினார். அவருக்குக் கீழிருந்த லூயிஸ் காஸ் செப்டம்பரில் எழுதிய கடிதமோ, போரிடத் தயாராக இருந்த படையைச் சரணடைய வைத்துவிட்டார் என்றது. அந்தக் காலப் பத்திரிகைகளில் இரண்டும் வந்தன. ஹல்லுக்கு 1814இல் ராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது, ஜனாதிபதி மாடிசன் அதை நிறைவேற்றவில்லை. (இதே ஹல்லின் உடன்பிறந்தவர் மகன் ஐசக் ஹல், டெட்ராய்ட் விழுந்த மூன்றாம் நாள் ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பலை முறியடித்தார். ஒரே குடும்பத்தின் மானமும் அவமானமும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் செய்தியாயின.)

சார்பு இருந்ததா என்றால், தாராளமாக. ஆனால் அரசாங்கத்தைவிடத் தெருவுக்குத்தான் பயப்பட வேண்டியிருந்தது. போரை எதிர்த்து எழுதிய ‘ஃபெடரல் ரிபப்ளிகன்’ அலுவலகத்தை, போர் அறிவித்த நான்காம் நாளே பால்டிமோரில் ஒரு கும்பல் இடித்துத் தள்ளியது. ஜூலையில் மறுபடியும் கலவரம். அமெரிக்கச் சுதந்திரப் போரில் சண்டையிட்ட ஜேம்ஸ் லிங்கன் அதில் அடித்தே கொல்லப்பட்டார். அதே ஊரில் இருந்துகொண்டுதான் ஹெஸக்கையா நைல்ஸ் தன் ‘வீக்லி ரெஜிஸ்டர்’ இதழில் ஆவணங்களை முழுசாக அச்சிட்டார். போரை ஆதரித்தவர் அவர், ஆனாலும் எதிரியின் கடிதங்களையும் விடவில்லை. ஆராய்ச்சியாளர்கள் இன்றும் அவரைத் தேடிப் போவது இதனால்தான்.

அப்புறம் ஒன்று. படிக்கும்போது சம்பவத் தேதியையும் செய்தி வந்து சேர்ந்த தேதியையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். கெண்ட் நகரில் சமாதான ஒப்பந்தம் 1814 டிசம்பர் 24இல் கையெழுத்தானது. தளபதி ஜாக்சன் தலைமையில் அமெரிக்கர்கள் வென்ற நியூ ஆர்லியன்ஸ் சண்டை அதற்குப் பிறகு, 1815 ஜனவரி 8இல். வாஷிங்டனுக்கோ வெற்றிச் செய்தி பிப்ரவரி தொடக்கத்தில் முதலில் வந்தது, சமாதானச் செய்தி அதற்கடுத்துச் சுமார் பத்து நாளில். அந்த வரிசையில் படித்தவர்களுக்கு, ஜாக்சன் அடித்த அடியில்தான் பிரிட்டன் பணிந்தது என்று தோன்றியதில் ஆச்சரியமில்லை.