முகப்பை மட்டும் வைத்துக்கொண்டால் போதுமா?

கேள்வி: கும்பகோணம் கடைத்தெருவில் தாத்தா வாங்கிய மாடிக்கட்டடம், வெள்ளைக்காரர் காலத்தது. மேலே வளைவு ஜன்னல்கள், கைப்பிடிச் சுவரில் சுதை வேலைப்பாடு. தெருப்பக்கச் சுவரை மட்டும் விட்டுவிட்டு மற்றதை இடித்து நாலு மாடி கட்டலாம் என்கிறார் இன்ஜினீயர். செய்யலாமா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: வேண்டாம். அந்தச் சுவர் தன் பலத்தில் மட்டும் நிற்கவில்லை, குறுக்குச் சுவர்களும் மச்சுத் தளத்தின் உத்தரங்களும் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றை எடுத்துவிட்டால் மாதக்கணக்கில் இரும்பு முட்டுக் கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும், அதுவும் கோடையில் வெடித்து மழையில் உப்பும் நம் ஊர்க் களிமண்ணில். அப்புறம், பழைய சுவரும் ஆழ அஸ்திவாரம் போட்ட புதுக் கட்டடமும் ஒரே அளவில் அமுங்காது. ஒட்டிய இடத்தில் விரிசல் விடும்.

முன்கட்டை அறை, படி, தளத்தோடு முழுசாக வைத்துக்கொண்டு, பின்கட்டில், பழைய சுவரில் ஒட்டாமல் புதுசைக் கட்டுங்கள். இடம் கொஞ்சம் குறையும், உண்மைதான். ஆனால் உள்ளே ஆள் புழங்கும் வீடாக இருந்தால்தான் அந்த முகப்புக்கு உயிர் இருக்கும், இல்லாவிட்டால் அது வெறும் படுதா.

இன்னொன்றைக் கெஞ்சியே கேட்கிறேன், சிமென்ட் பூச விடாதீர்கள். மயிலாடுதுறைப் பக்கம் என் அத்தை வீட்டில் காரை உதிர்ந்த இடத்தில் சிமென்ட் பூசினார்கள். நாலே மழைக்காலம், தட்டினால் பாளமாக விழுந்தது, உள்ளே செங்கல் மாவாகியிருந்தது. சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் விடாது, ஈரமும் உப்பும் உள்ளேயே தங்கிச் செங்கல்லைத் தின்றுவிடும். மேலே அடிப்பதும் சுண்ணாம்புதான், பிளாஸ்டிக் பெயின்ட் வேண்டாம். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரில் காரை குழைக்கத் தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள், தேடிப் பிடியுங்கள்.

ஒருநாள் தரங்கம்பாடி போய்வாருங்கள். 1845-ல் டேனிஷ்காரர்கள் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போன ஊர். கோட்டைக்கு எதிரே கவர்னர் பங்களாவைச் சீரமைத்திருக்கிறார்கள், தெருவில் நம் ஆட்களின் ஓட்டு வீடுகள் சிலவற்றையும்தான். மரபுக் கட்டடங்களுக்காகத் தமிழ்நாட்டில் 2012-ல் சட்டம் வந்தது, ஆனால் பட்டியலில் ஏறாத உங்கள் வீட்டுக்கு நீங்கள்தான் காவல்.

கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருக்கிறதா என்று இப்போதே ஏறிப் பாருங்கள். இழுத்துப் பிடுங்கினால் காரையும் சேர்ந்து வரும், வெட்டிவிட்டு வேரைச் சாகடித்து, அந்த விரிசலைச் சுண்ணாம்புக் காரை வைத்து அடையுங்கள். ஐப்பசி அடைமழைக்கு முன் முடித்துவிடுங்கள்.